இரண்டு கொடிகளும் ஒரே வீட்டில்

அனுப்புநர்
ப. சாலம்மாள் (தையல் தொழில்),
க/பெ. பச்சியப்பன்,
மூக்கன்கொட்டாய், பாப்பாரப்பட்டி வழி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
வட்டார வளர்ச்சி அலுவலர் மற்றும் தேர்தல் நடத்தும் அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

பொருள்: ஊராட்சித் தலைவர் பதவிக்கு வேட்புமனு தாக்கல் செய்யவிடாமல் தடுப்பது – பாதுகாப்பு கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் தெருக் குடிநீருக்காக நான் தங்களிடம் அளித்த நான்கு மனுக்கள். (எதற்கும் பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒகேனக்கல் குடிநீர்க் குழாய் எங்கள் ஊர் ரோட்டு முக்குவரை வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் தெருவுக்கு வரவில்லை. இன்னமும் பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். என் மகள் பூவிழிக்குப் பதினாறு வயது. பல்லெல்லாம் காவியேறி, ஆள் பார்க்கச் சிரிப்பதையே விட்டுவிட்டாள். பெற்ற வயிறு எரிகிறது.

2. எங்கள் ஊரில் ஒரு கட்சிக்குக் கிளைச் செயலாளர் திரு. முருகேஷ். மற்றொரு கட்சிக்கு அவருடைய உடன்பிறந்த தம்பி திரு. அருள்குமார். ஊரார் முன் இருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் ஒரே வீடு, ஒரே அடுப்பு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் ஊர் வேலை அந்த வீட்டுக்குத்தான். இரு கட்சிக் கொடிகளையும் தைப்பவள் நான். துணி ஒரே பையில்தான் வரும்.

3. போன தேர்தலில் என் கணவரும் என் கொழுந்தன் மாதுவும் ஆளுக்கொரு பக்கம் நின்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அன்று மாலை திரு. முருகேஷும் திரு. அருள்குமாரும் அவர்கள் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார்கள். தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் போன நான் என் கண்ணால் பார்த்தேன்.

4. தண்ணீருக்காகத் தங்களிடம் மனு கொடுத்தேன். 'உரிய நடவடிக்கைக்காக' என்று ஊராட்சிக்கு அனுப்பினீர்கள். ஊராட்சிச் செயலர் அதை நேராக அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆட்சி மாறியது. மீண்டும் கொடுத்தேன். மீண்டும் அதே வீடு. வாங்கிய கைதான் வேறு. நான்காவது மனுவைத் திரு. முருகேஷ் என்னிடமே நீட்டி, "ஏம்மா, எத்தன வாட்டி எழுதினாலும் எங்க வூட்டுக்குத்தான வருது, நேரா எங்கிட்டயே குடுத்துட்டுப் போயேன்" என்றார்.

5. ஊராட்சித் தேர்தல் கட்சி சார்பற்றது என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நானே நிற்பதென்று முடிவெடுத்தேன். எங்கள் தெரு குள்ளம்மாள் என்னை முன்மொழிய ஒப்புக்கொண்டார். மறுநாளே அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் அவர் வாசலில் வந்து இறங்கினார்கள். "கையெழுத்துப் போட்டீங்கன்னா நூறு நாள் வேலைக்கு வர வேணாங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். குள்ளம்மாள் பின்வாங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்களைச் சொல்ல வருகிறது.

6. இப்போது வேறொருவர் முன்வந்திருக்கிறார். பெயரை இங்கு எழுதமாட்டேன். எழுதினால் அது எந்த வீட்டுக்குப் போகும் என்பது தங்களுக்கே தெரியும். வரும் திங்கட்கிழமை கடைசி நாள். காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். நேரம் அவர்களுக்கும் தெரியட்டும், நான் ஒன்றும் திருடப் போகவில்லை. வாசலில் காவலரை நிறுத்தி, வேட்புமனுவைத் தங்கள் கையாலேயே வாங்கி, ஒப்புகைச் சீட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு காகிதத்தையாவது தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்: 19.11.2026
இடம்: மூக்கன்கொட்டாய்

பொறுத்தது போதும் என்றிருக்கும்,
ப. சாலம்மாள்

நகல்: திரு. முருகேஷ், திரு. அருள்குமார் – தனியே அனுப்பவில்லை. அசலே அங்கு போய்விடும்.