மிஹ்லாரின் பிறசருக்கு என் குளிசை

3 ஜூன் 2024
தாதி ஸுஹைறா இன்று இரத்த அழுத்தம் பார்க்கும் பிறசர் மிசின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எனக்குப் பக்கவாதம் லேசாக வந்துபோனதிலிருந்து வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பவர். இனி நானே கையில் பட்டியைக் கட்டிப் பொத்தானை அழுத்தினால், அளவு தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுமாம்.

“அப்ப நீங்க?”

“மிசின் இருந்தா நான் வரத் தேவல்லயாம், சேர். மேல இருந்து சொல்லிட்டாங்க.”

அவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. கணிதம் படிப்பித்த எனக்கு என் கையிலேயே நம்பிக்கை இல்லை.

6 ஜூன்
பட்டியைச் சரியான உயரத்தில்தான் கட்டுகிறேனா? விளக்கத்தாளை மறுபடி படித்தேன். சரிதான். ஆனாலும் —

17 ஜூன், ஹஜ்ஜுப் பெருநாள்
சாய்ந்தமருது ஊரில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. மனைவி நதீரா எல்லோருக்கும் வட்டிலப்பம் கொடுத்தாள். நான் பிறசர் பார்த்தேன். தொடங்கிவைத்தவர் அடுத்த வீட்டு மீன் வியாபாரி மிஹ்லார். “எனக்கும் ஒருக்காக் கட்டுங்களன் சேர், சும்மாதானே கிடக்கு.” பெருநாளும் அதுவுமாக எப்படி மறுப்பது? அவருக்கு இலக்கம் எகிறியது. “மிசின் பிழை,” என்று இன்னொரு வட்டிலப்பம் வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகுதான் உறைத்தது. அத்தனையும் என் பெயரில் அல்லவா போயிருக்கும்?

18 ஜூன்
ஸுஹைறா தொலைபேசியில்: “நேத்து கடுமையா ஏறியிருக்கே சேர்? குளிசையக் கூட்டச் சொல்றார் டொக்டர்.”

அது நானில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஓம்” என்று வந்தது.

நதீரா சிரிக்கவில்லை. “அவர்ர பிறசருக்கு நீங்க குளிசை போடுறீங்க. படிச்ச மனிசன்.”

21 ஜூன்
மிஹ்லார் தினமும் வந்து கட்டிக்கொள்கிறார். நான் தினமும் விழுங்குகிறேன்.

22 ஜூன்
எழும்பினா தலை சுத்துது. கதவப் பிடிச்சிட்டு நிண்டன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா — ஏன் சொல்லல்ல?

24 ஜூன்
நதீராதான் ஸுஹைறாவை அழைத்திருக்கிறாள். பழைய பம்புக் கருவியோடு வந்தார். அளந்தார். மிகவும் இறங்கியிருந்தது. மிசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சேர், இதுக்குள்ள ஆர்ர கையெல்லாம் போயிருக்கு?”

வாசலில் மிஹ்லார், சட்டைக் கையை மடித்தபடி.

அவருக்கும் பம்பில் அளந்தார். அளந்ததும், தான் வந்த ஓட்டோவிலேயே அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

5 ஜூலை
மிஹ்லார் திரும்பிவிட்டார், சொந்தக் குளிசைகளோடு. என் குளிசை பழைய அளவுக்கே இறங்கிவிட்டது.

மிசினை அதிகம் பாவித்த வீடு என்று மேலிடத்துக் கூட்டத்தில் எங்கள் வீட்டைப் பாராட்டினார்களாம். அதற்குள் எத்தனை கைகள் போயின என்று ஸுஹைறா காட்டிக்கொடுக்கவில்லையாம். மிசின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, இனி அவர் வாரம் இருமுறை வரவேண்டுமாம்.

கையை நீட்டினேன். பம்பை அழுத்தி, காது கொடுத்துக் கேட்டார்.

“நல்லாருக்கு, சேர்.”

நம்பினேன்.