நேர்காணலில் கேட்ட கடைசிக் கேள்வி

புதன்கிழமை, இரவு.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு இன்று நேர்காணல். பேராசிரியர் ஒருவர் என் ஆய்வைப் பற்றிக் கேட்டார். ஒளிவேகத்தை நெருங்கி வரும் இரண்டு தங்க அணுக்கருக்கள் கொஞ்சம் விலகி மோதினால், பிறக்கும் ஆயிரக்கணக்கான துகள்கள் தத்தம் போக்கில் சிதறுவதில்லை, ஒரே திரவம்போலச் சேர்ந்து பாய்கின்றன என்றேன். எப்படித் தெரியும் என்றார். எந்தத் திசையில் அதிகம் பாய்கின்றன என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன்.

"நல்லா சொன்னீங்க" என்றார்.

அப்புறம் தாளாளர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"நன்னிலம் பக்கமா? எங்க நிலமும் அங்கதான். கூலியை ஏத்திக் கேட்டு அறுப்பை நிறுத்துனாங்களே, அந்தச் சங்கத்துல உங்க அப்பா இருந்தாரா?"

"இல்லைங்க" என்றேன். யோசிக்கவே இல்லை.

அந்த வேலைநிறுத்தத்தில்தான் அடியாட்கள் அப்பாவின் வலது கையை முறித்தார்கள். இன்றும் அது முழுசாக நீளாது. அந்தக் கையோடு நாற்றுப் பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

தாளாளர் சிரித்தார். "ஒண்ணாந்தேதி வந்து சேர்ந்துடுங்கம்மா."

பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "என்னம்மா கேட்டாங்க?" என்றார்.

"துகளைப் பத்தித்தாம்ப்பா."

"எல்லாத்துக்கும் சரியா சொன்னியா?"

"சொன்னேம்ப்பா."

தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்து, இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். சொல்லவில்லை.

ஒண்ணாந்தேதி போய்ச் சேரத்தான் போகிறேன்.