மகதான் கேக்கான்னு நினைச்சேன்

அன்பு மக செல்விக்கு அம்மா எழுதுவது. அயர்லாந்துக் குளிர்ல நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு குலசை அம்மனைக் கும்பிட்டுக்கிடுதேன். இங்கன நான் நல்லாருக்கேன், அப்பாவுக்கு முதுகுப் புண் ஆறிட்டு. போனை எடுக்காம எதுக்குக் கடிதாசின்னு நினைப்ப. போன்ல உங்கிட்டப் பேச எனக்குப் பயமாருக்கு ஏளா, நான் பேசுதது எங்க போய்ச் சேருமோன்னு.

பக்கத்து வீட்டு அமலோற்பவம் மக பிலோமி, நீ படிச்ச அதே நர்சிங் படிக்கால்லா, அவளை நர்சுங்க செஞ்ச ஆராய்ச்சியில வகைக்கு ஒண்ணு தேடிட்டு வரக் காலேஜ்ல சொல்லிருக்காங்க. எத்தனை பேருக்கு என்னன்னு கணக்கெடுக்கது ஒரு வகையாம், ஆளுகளைப் பேசவிட்டு அவங்க பட்ட பாட்டை அவங்க வார்த்தையிலயே எழுதுதது இன்னொரு வகையாம். இந்த ரெண்டாவதுக்கு, படுக்கையில கிடக்கவரு, அவரைப் பாத்துக்கிடுத பொம்பள, தமிழ்நாடுன்னு கம்ப்யூட்டர்ல போட்டுத் தேடியிருக்கா, உன் பேரு வந்துட்டு. "அத்தை, இது செல்வி அக்கா எழுதுனது"ன்னு சந்தோசமா ஓடிவந்து, முன் ரூம்ல உக்காந்து தமிழ்ல சொல்லிச் சொல்லி வாசிச்சா. நானும் பெருமையாத்தான் கேட்டேன். துறைமுகத்துல கன்டெய்னர் மேலருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாமப் போன ஒருத்தர், அவர் பெண்சாதின்னு வரவும் அது அப்பாவும் நானுந்தான்னு தெரிஞ்சுட்டு. பேரு மட்டும் வேற. வெளிக்குப் போன துணியை மாத்தும்போது அந்த மனுசன் தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழுததும், இதை யாருட்டயும் சொல்லிராதன்னு அவ கையைப் பிடிச்சுக் கெஞ்சுனதும் அப்படியே இருக்கு. பிலோமிக்கு விசயம் புரிஞ்சு நிறுத்துததுக்குள்ள உள்ள கட்டில்ல கிடந்த அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டாவ.

அவ போன பிறகு ஒண்ணுதான் கேட்டாவ. "யாருட்டயும் சொல்லாதன்னா அதுல மகளும் சேத்தி இல்லியா?" அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன்னு உள்ளதைச் சொன்னேன். அன்னையிலருந்து என்னைத் தொடவிடல. உன் தம்பி ராஜபாண்டி உப்பளத்துக்குப் போகுமுன்ன வந்து துடைச்சுவிடுதான். அவன் வர முடியாட்டா ஈரத் துணியிலயே கிடக்காவ.

போன வருசம் சாயங்காலமானா கூப்பிட்டு, எப்படிம்மா சமாளிக்க, அப்பா அழுவாவளான்னு கேட்டியே, தூரத்துல கிடந்து மனசு கேக்காம மகதான் கேக்கான்னு நினைச்சு ஒண்ணுவிடாமச் சொன்னேன். அப்ப நீ எழுதிக்கிட்டா இருந்த? பேசுனவங்க எல்லாருட்டயும் சம்மதம் வாங்கியாச்சுன்னு அதுல போட்டிருக்காமே, எங்கிட்ட எப்ப வாங்குன செல்வி? இதைப் படிச்சா நர்சுங்க எங்களை மாதிரி ஆளுகளை நல்லாக் கவனிப்பாங்கன்னு சொல்லுவ. நல்ல காரியந்தான். கேட்டிருந்தா நான் படுத பாட்டை மட்டும் சொல்லியிருப்பேன். அவுக அழுகையைக் குடுக்க எனக்கு என்ன உரிமை, எடுக்க உனக்கு என்ன உரிமை?

நேத்து தம்பி வரல. நான் வெந்நீரோட போய் நின்னேன். கண்ணை மூடிக்கிட்டாவ, வேண்டாம்னு சொல்லல. துடைச்சு முடிக்க வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. முன்னயாவது அழுவாவ.

எழுதுனதைத் திரும்ப வாங்க வழி இருக்குன்னு பிலோமி சொல்லுதா, அதைப் பாரு. அவளைக் கோவிக்காத, அவ பாவம், நம்ம வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கா. முதல்ல அப்பா போனுக்கு நீயே கூப்பிட்டு, அம்மாவுக்குத் தெரியாம எழுதுனது நாந்தான்னு உன் வாயால சொல்லு. எடுக்கமாட்டாவ, எடுக்க வரைக்கும் கூப்பிடு.

அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாம வச்சிருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போ. மருமகன்கிட்ட இதைச் சொல்லாத, உங்க அப்பா அந்த முகத்தையும் ஒருநாள் பாக்கணும்.

உன்னைப் பெத்த
சண்முகத்தாய்
தூத்துக்குடி