ஜெயித்த பணத்தோடு வீடு வந்த நாள்

லாஸ் வேகாஸ்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள ஜனெல்லுக்கு,

அப்பா எழுதுகிறேன். பணம் கேட்டு எழுதவில்லை, பயப்படாமல் படி. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ உண்டாகியிருப்பதாக உன் அத்தை சொன்னாள். மிகவும் சந்தோஷம்.

வியாழன் காலை வழக்கம்போல் கேசினோவில் என் போக்கர் மெஷின் முன் உட்கார்ந்தேன். ஹார்ட்டினில் பத்து, ஜாக்கி, ராணி வந்தன. மற்ற இரண்டு சீட்டையும் மாற்றினேன். அதே ஹார்ட்டினில் ராஜாவும் ஏஸும் வந்து விழுந்தன, ஐந்தும் வரிசையாக, அந்த மெஷினின் மிகப் பெரிய பரிசு. நாலாயிரம் டாலர்!

காபி கொண்டுவரும் கன்சுவேலோ, "ஆர்வில், பணத்த வாங்கிட்டு நேரா வீட்டுக்குப் போங்க, திரும்பிப் பாக்காதீங்க" என்றாள். பக்கத்து மெஷின்காரன் டுவைட், "கொட்டுற நேரத்துல எவனாவது எழுந்து போவானா? உக்காருய்யா!" என்றான். உட்கார்ந்தேன். அரை மணியில் நாலு ஏஸும் வந்து இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. அப்புறம் பணம் இறங்கத் தொடங்கியது. மதியத்துக்குள் எழுநூறு போய்விட்டது.

பேராசை என்று நினைப்பாய். தோற்ற நாளில் எழுவது எனக்குச் சுலபம், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். ஜெயித்த நாளில்தான் முடிவதில்லை. அந்த வீட்டில் யாரிடம் போய்ச் சொல்ல? உன் அம்மா இல்லை. அன்று ஜெயித்ததும் உனக்கு போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. 'இன்னும் ஒரே ஆட்டம்' என்று உட்கார்ந்து, உன் கல்யாணத்துக்கு வரவேண்டிய விமானத்தைத் தவறவிட்டவன் நான். உன்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வேலை முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டு கன்சுவேலோ மறுபடி வந்தாள். திட்டவில்லை. "பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வாங்க. அந்த அஞ்சு சீட்டும் எப்படி வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே வாங்க" என்றாள். "இந்த வயசுல ஜோடி கேக்குதாக்கும்!" என்று டுவைட் கிண்டல் செய்தான். நான் எழுந்துவிட்டேன். ஒவ்வொரு சீட்டாகச் சொன்னேன். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. நான் சொல்லி முடிக்கட்டும் என்று அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள், ஜனெல். அதன் பிறகு எனக்கு உள்ளே போகத் தோன்றவில்லை.

நேற்றும் போகவில்லை. இனிமேல் போகவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அப்படி நிறையச் செய்து உன்னை ஏமாற்றியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு போன் செய்கிறேன். மனமிருந்தால் எடு. சீட்டைப் பற்றிப் பேசமாட்டேன். நீ பேசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ஆர்வில்