வாதியின் பெயர்

ஜூன் 3, திங்கள்

காலை 11.42. போனில் அந்த நேரம் அப்படியே பதிவாகியிருக்கிறது. இப்போதும் பார்த்தேன்.

யாரோ ஒரு வக்கீலின் பாகப்பிரிவினைக் கேஸை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். மொத்தம் நாற்பத்தெட்டுப் பக்கம். இருபத்தொன்பதாவது பக்கம் கண்ணாடியில் கிடந்தது. கூப்பிட்டது பினு சேட்டன், என் மனைவி பிந்துஜாவின் அண்ணன்.

"அளியா, பிந்துவ பேங்க்ல இருந்து தூக்கிட்டு வந்திருக்காங்க. தாலுகா ஆஸ்பத்திரி. நீ வா."

"என்ன ஆச்சு?"

"நீ வா."

அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் மீதிப் பத்தொன்பது பக்கத்தையும் ஸ்கேன் செய்து, ஃபைலுக்குப் பெயர் வைத்து, சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன்?

மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். கவுண்டரில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள். வயது 31.

ஜூன் 4

மழை. சிதைக்கு மேலே தகரம் பிடித்துக்கொண்டார்கள். கிணற்றடி மாமரத்தை வெட்டினார்கள். எரிப்பது எங்கள் மனையிலேயேதான், தெற்குப் பக்கம் எந்த இடம் என்று யாரோ என்னிடம் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பினு சேட்டன் நாலு எட்டு நடந்து, குதிகாலால் மண்ணில் குழி பறித்து, "இங்க" என்றார்.

குழந்தை இல்லை. கொள்ளி வைத்தது நான்தான். தீ பிடிக்க நேரமாயிற்று. பச்சை மரம்.

ஜூன் 8

எலும்பு பொறுக்கினோம். பினு சேட்டன் பொறுக்கினார், நான் பானையைப் பிடித்திருந்தேன்.

ஜூன் 19

வர்க்கலை. பானையைக் கடலில் விட்டுவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டோம். பஸ்ஸில் பினு சேட்டன் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் எழுப்பவில்லை. கை மரத்துப்போனது. அது ஒன்றுதான் இன்று தெரிந்த உணர்ச்சி.

ஜூன் 24, திங்கள்

கடைக்குப் போனேன்.

கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு கம்ப்யூட்டரும் உள்ள கடை. ஜெஸி சேச்சியும் நானும். கோர்ட்டில் காகிதமாகக் கேஸ் வாங்குவதை நிறுத்திய பிறகு வக்கீல்கள் எல்லாரும் எங்களிடம்தான் வருகிறார்கள். இடது பக்கம் பத்திரத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன், வலது பக்கம் படிவம். வாதி பெயர், வயது, முகவரி, போன் நம்பர், சர்வே எண், எல்லாம் பத்திரத்தைப் பார்த்தே அடிப்பது. கண் அங்கே, விரல் இங்கே. இன்று ஒன்பது கேஸ். ஒரு தப்பும் இல்லை.

"சாப்பிட்டியா அகிலே?" ஜெஸி சேச்சி.

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

அடுத்த பக்கத்தை ஸ்கேனரில் வைத்தேன். அவர் தன் டப்பாவில் பாதியை மூடியில் வைத்து மவுஸுக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

ஜூலை 1

அவள் நம்பருக்கு ரீசார்ஜ் செய்தேன். 28 நாள்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் சுண்ணாம்புப் பொடியோடு பினு சேட்டன் வந்தார். எங்கள் தெற்கு எல்லையை ஒட்டி, ரோட்டிலிருந்து பின்னால் அவர் வீடு வரை இரண்டு கோடு போட்டார். குச்சி நட்டார். கோடு அந்த இடத்தின் மேலேயே போகிறது. புல் இன்னும் முளைக்காத இடம். தினமும் சாயங்காலம் நான் விளக்கு வைக்கும் இடம்.

"அடுத்த வாரம் செவ்வாய்க்கெழம கர்க்கிடக மாசம் பொறக்குது அளியா. பொறந்துட்டா ஒரு மாசம் எதையும் தொடங்க முடியாது. அடுத்த திங்கட்கெழம ஜேசிபி சொல்லியிருக்கேன்."

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிந்து சம்மதிச்சதுதானே. உனக்குத் தெரியாதா? அம்மாவ வாரத்துக்கு ரெண்டு தடவ நாற்காலியில வச்சு ரோடு வரைக்கும் தூக்குறேன். டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது அம்மா என் கழுத்தப் பிடிச்சுக்கிட்டே வாந்தி எடுக்குது. வண்டி வாசலுக்கு வந்தா போதும் எனக்கு."

உண்மைதான். அவள் சம்மதித்தாள். இந்த எட்டு சென்டும் அவள் அப்பா அவளுக்கு எழுதிக்கொடுத்தது. "அண்ணனுக்கு வழி விடலாம் அகில்" என்று போன ஓணத்துக்கே சொன்னாள். அப்போது அங்கே வாழைதான் இருந்தது.

"சாம்பல்லாம் எடுத்தாச்சு, கடல்ல விட்டாச்சு. இனி அது மண்ணுதானே அளியா. என்ன சொல்ற?"

தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்னு தெரியல. கழுத்து தானா ஆடுச்சு. அவர் போனப்புறம் ரெண்டு மணி நேரம் அங்கயே நின்னேன். அவ மேல லாரி போகும். அவ மேல டயர் போகும்.

ஜூலை 8

வக்கீல் சுலேகா மேடத்திடம் சொன்னேன். கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"குழந்த இல்ல, பத்திரம் அவ பேர்ல. வாரிசு நீதான். தடை கேட்கலாம். ஆனா நேரம் இல்லடா. ரெண்டாவது சனி கோர்ட் லீவு, திங்கட்கெழம அவன் ஜேசிபி. வெள்ளிக்கெழம ஜட்ஜ் முன்னாடி போகணும்."

"அவ சம்மதிச்சா மேடம். வாயால."

"எழுத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது இல்ல."

மனுவின் ஆறாம் பத்தியில், "எக்காலத்திலும் சம்மதம் வழங்கப்படவில்லை" என்று எழுதினார். படித்தேன். கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் பத்தியில் அவள் இறந்ததைப் பற்றி ஒன்றரை வரி இருக்கிறது. அதை மட்டும் படிக்கவில்லை.

ஜூலை 9

மாமியாரை நாற்காலியில் தூக்கிப் போகிறார்கள். பினு சேட்டன் முன்னால், பக்கத்து வீட்டு ரஷீத் பின்னால். எப்போதும் பின்கால் பிடிப்பது நான். இன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 10, புதன்

தாக்கல் செய்தேன்.

மத்தியானம் ஜெஸி சேச்சி "நான் பண்றேன், நீ எந்திரி" என்றார். எழவில்லை. இருபத்திரண்டு பக்கம். ஸ்கேன், பக்க எண், பத்திரம் தனி ஃபைல், உறுதிமொழி தனி ஃபைல். கோர்ட் பீஸ் ஆன்லைனில் கட்டினேன். சுலேகா மேடம் தன் போனுக்கு வந்த ஓடிபி எண்ணைச் சொன்னார், அவர் டிஜிட்டல் கையெழுத்து விழுந்தது. 3.50-க்குச் சமர்ப்பித்தேன். எல்லா நாளும் செய்வதுதான்.

ஆறரை மணிக்கு வீட்டில் சட்டையைக் கழற்றும்போது, அலமாரிமேல் இருந்த அவள் போன் ஒலித்தது. ஐந்து வாரத்தில் முதல் தடவை. சின்னப் பையன் மாதிரி ஓடிப்போய் எடுத்தேன்.

கோர்ட்டிலிருந்து செய்தி. பிந்துஜா, உங்கள் வழக்கு பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். வாதி: பிந்துஜா. வயது: 31. தொழில்: வங்கி ஊழியர். போன்: அவள் நம்பர். இடது பக்கம் பத்திரம், வலது பக்கம் படிவம். கண் பத்திரத்தில் அவள் பெயரில் இருந்தது, மற்றதை விரல் தானே அடித்துவிட்டது. மனுவுக்குள் வாதி நான். படிவத்தில் வாதி அவள்.

மேடத்தைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். திருத்தியிருக்கணும். செய்யல. எங்கயோ ஒரு எடத்துல அவ பேர், வயசு, வேலை எல்லாம் போட்டு, அவ இருக்கான்னு இருக்கு. காலைல வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஜூலை 11, வியாழன்

10.20-க்குத் திரும்பி வந்துவிட்டது. குறை: மனுவின் மூன்றாம் பத்தியின்படி வாதி இறந்துவிட்டார். இறந்தவர் வழக்குத் தொடுக்க இயலாது. திருத்தித் தாக்கல் செய்க. இறப்புச் சான்று இணைக்கப்படவில்லை.

சுலேகா மேடம் ரோட்டைக் கடக்கும்போதே கத்திக்கொண்டு வந்தார். "உன் கை தப்பாதுன்னு பார்க்காமலே கையெழுத்துப் போட்டேனேடா. செத்தவங்க பேர்ல கேஸ் போட்டா அது பொறக்கவே இல்லன்னு அர்த்தம். எட்டு வருஷமா இதத்தானே மத்த எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்க நீ?"

ஜெஸி சேச்சி, "விடுங்க மேடம்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என் கல்யாணத்துக்கு அப்புறம் பத்து வருஷம் எல்லா ஃபாரத்துலயும் அப்பா பேரத்தான் எழுதினேன். புருஷன் சண்டைக்கு வந்தான்." சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

இறப்புச் சான்று பஞ்சாயத்து ஆபீசிலேயே இருந்தது. வாங்கப் போகவே இல்லை நான். ஓடிப்போய் வாங்கினேன். ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். விளக்கு அடியில் ஊர்ந்து போயிற்று.

பிறகு படிவம். வாதி: அகில்தாஸ். வயது 34. உறவு முறை: கணவர். யாருடைய? அந்தக் கட்டத்தில் அவள் பெயருக்கு முன்னால் ஒரு சொல் போட வேண்டும். அடித்தேன். அழித்தேன். அடித்தேன். காலமான பிந்துஜா. நாலு எழுத்து. முப்பத்தெட்டு நாளாக அந்தச் சொல்லை நான் சொல்லவுமில்லை, எழுதவுமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

2.35-க்குச் சமர்ப்பித்தேன். நாலு மணிக்குக் கேஸ் நம்பர் விழுந்தது. இந்தத் தடவை செய்தி என் போனுக்கு வந்தது.

ஜூலை 12, வெள்ளி

இடைக்காலத் தடை. ஜட்ஜ் மூன்று நிமிடம்தான் எடுத்துக்கொண்டார். மேடம் வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவசர நோட்டீஸ் இன்றைக்கே கோர்ட் அமீன் கையில் போகுமாம்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 13, சனி

பினு சேட்டன் வந்தார். கையில் கோர்ட் காகிதம், நனைந்திருந்தது. வாசல்படியில் ஏறவில்லை. முற்றத்தில் நின்றபடியே பேசினார்.

"நேத்து அமீன் வந்து என் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டுப் போனான். முழுசும் படிச்சேன். சர்வே நம்பர், எல்லை எல்லாம் அழகா இருக்கு. நீ அடிச்சதா?"

"ஆமா."

"அந்தக் குச்சிய நான் நட்டப்போ நீ தலையாட்டினியே அளியா."

"வாய் வரல சேட்டா."

"வாய் வரலயா? இருபத்திரண்டு பக்கம் வந்திருக்கே." காகிதத்தை விரித்து ஓரிடத்தில் விரலை வைத்தார். "இது என்ன? சம்மதமே குடுக்கலன்னு. பிந்து குடுக்கலயா? என் தங்கச்சியப் பொய்க்காரியா ஆக்கிட்டியேடா. மத்தத விடு. எனக்கு அந்த எடம் வலிக்காதுன்னு நெனச்சியா? என் குதிகால வச்சுத்தானே அந்த எடத்தக் காட்டினேன். அம்மா பொழைக்கணுமேன்னு கண்ண மூடிக்கிட்டுக் கோடு போட்டேன். நீ ஒரு வார்த்த, வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

தெற்குப் பக்கம் போய்க் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பதினான்கு குச்சி. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கேயே நின்னேன். கேஸ் ஜெயிச்சாச்சு. இவர விட்டா பிந்துவப் பத்தி பேச யாரு இருக்கா எனக்கு? சாயங்காலம் முழுக்க அழுதேன். நாற்பது நாளைக்கப்புறம், இன்னைக்கு.

ஜூலை 14, ஞாயிறு

பத்து மணிக்குப் பினு சேட்டன் வீட்டுக்குப் போனேன். பிக்-அப் வண்டியை ரோட்டோரம் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. டயரைத் தேய்த்தார்.

"அந்த எடம் வேண்டாம் சேட்டா. அவ மேல வண்டி போறத என்னால பார்க்க முடியாது."

இவ்வளவுதான். வாயால் சொல்ல இவ்வளவுதான்.

அவர் அடுத்த டயருக்குப் போனார்.

"அவ சம்மதிச்சா. அத மேடத்துகிட்டச் சொல்லி மனுவுல திருத்துறேன். வடக்குப் பக்கம் எடுத்துக்குங்க. சமையக்கட்டுச் சாய்ப்ப இடிச்சா வழி கிடைக்கும்."

"அது பிந்து கேட்டுக் கேட்டுக் கட்டினது."

"தெரியும்."

"அப்புறம் எங்க சமைப்ப?"

"நான் எங்க சமைக்கிறேன் இப்ப?"

வாளித் தண்ணீரைக் கொட்டினார். உள்ளே போய் அளவு நாடாவோடு வந்தார். "வா, அந்த முனையப் பிடி" என்றார்.

ரோட்டிலிருந்து பின்னால் அவர் வாசல் வரை பிடித்துக்கொண்டு போனோம். சாய்ப்பு போய்விட்டால், மிகக் குறுகலான இடத்தில் ஒன்பதே கால் அடி. வண்டி தாராளமாகப் போகும். மாமியார் கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாக, "என்னடா அளக்குறீங்க ரெண்டு பேரும்?" என்றார். "உனக்கு ஹைவே போடுறோம்மா" என்றார் பினு சேட்டன். மத்தியானம் கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும் அங்கேயே சாப்பிட்டேன். இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஜேசிபி. அதற்குள் சாய்ப்பில் உள்ள பாத்திரங்களை எல்லாம் எடுத்து வைக்க வேண்டும். அவள் வாங்கி ஒரு தடவைகூட உபயோகிக்காத இட்லிப் பானை ஒன்று, மேல் தட்டில், அட்டைப்பெட்டியோடு இருந்தது.

சுலேகா மேடம் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். எதிர்வாதி தரப்பில் ஏதாவது பேச வந்தால் வாயைத் திறக்காதே என்று செய்தியும் அனுப்பியிருக்கிறார். நாளைக்கு நேரில் போய் விஷயத்தைச் சொல்லி, திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போதைக்குப் போனை அணைத்துவிட்டேன்.