மெத்தை அடுக்கு

குல்ச்சா
அக்டோபர் 3

ஜிபாரின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாஸ்கோவில் சாரம் ஏறும்போது கவனமாக இருங்கள். ஜிபாருக்கு மூன்று வயது முடிந்தது. "அப்பா எங்கே?" என்றால், நீங்கள் லாரியில் ஏறிப் போன நினைவில், தெருவில் போகிற லாரியைக் காட்டுகிறாள்.

பள்ளிக்கூடத்தில் நிலநடுக்கத்துக்குத் தயாராவது பற்றிக் கூட்டம் போட்டார்கள். சொன்னபடி வாசலருகே ஒரு பை வைத்துவிட்டேன். பாஸ்போர்ட்டுகள், தண்ணீர், காய்ந்த ரொட்டி, டார்ச், எல்லோருக்கும் கம்பளிக் காலுறை. படுக்கிற இடத்தில் உயரமாக எதுவும் வேண்டாம் என்றார்கள். நம் மெத்தை அடுக்கோ கூரையைத் தொடுகிறது. உச்சியில் பீங்கான் நிறைந்த இரண்டு தகரப் பெட்டிகள் வேறு. கணப்பு உள்ள அறை அது ஒன்றுதான். அத்தையும் ஜிபாரும் அதன் கீழேதான் படுக்கிறார்கள். பாதியை இறக்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன்.

"நீ சீரா கொண்டுவந்தது மூணு மெத்தை. அதுக்கு இவ்ளோ வாயா? பட்டணத்துல படிக்கிற என் பொண்ணைப் பார்க்க வர்றவங்க முதல்ல அடுக்கைத்தான் பார்ப்பாங்க. புள்ள இன்னொண்ணு பெத்துக்கலாம், அறுபது மெத்தை யாருடி தைக்கிறது?" என்றார்.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். என் பேச்சு இங்கே எடுபடாது.

புரூல்

மாஸ்கோ
அக்டோபர் 24

புரூல்,

ஊர் சிரிக்கிற மாதிரி எதையும் செய்யாதே. அடுக்கு குறைந்தால் வீடு நொடித்துவிட்டது என்பார்கள். தங்கைக்கு வரன் அமையாது. அம்மாவின் மெத்தைகளையோ பெட்டிகளையோ நீ தொடக் கூடாது. பையில் வீட்டுப் பத்திரமும் அப்பாவின் பதக்கங்களும் இருக்கட்டும். உன் காலுறையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். பூமி ஆடினால் முதலில் பை, பிறகு குழந்தை.

குபாத்

குல்ச்சா
நவம்பர் 9

ஜிபாரின் அப்பாவுக்கு,

சொன்னபடி செய்துவிட்டேன். ஜிபாரை என்னோடு முன்னறையில் படுக்க வைக்கிறேன். அங்கே கணப்பு இல்லை. இருமுகிறாள். பேத்தியை இடம் மாற்றியதற்காக அத்தை என்னோடு பேசுவதில்லை.

புரூல்

குல்ச்சா
டிசம்பர் 2

குபாத்,

கல்யாணமாகி ஆறு வருடத்தில் உன் பெயரை நான் வாயால்கூடச் சொன்னதில்லை. இன்று எழுதியும்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பூமி ஆடியது. முதலில் பையை எடுத்தேன், பிறகு ஜிபாரை. முற்றத்துக்கு வந்து அவளை நிறுத்திவிட்டு, கணப்பு அறை வாசலுக்குத் திரும்பி வந்து பார்த்தேன். அடுக்கு சரிந்து, தகரப் பெட்டிகள் அத்தையின் இடுப்பில் கிடந்தன.

"புரூல், பெட்டியைத் தூக்குடி! உயிர் போகுது!"

ஆட்டம் நின்றிருந்தது. போய்த் தூக்கியிருக்கலாம். வாசலிலேயே நின்றேன்.

"தொடக் கூடாதுன்னு உங்க புள்ள எழுதியிருக்காரு அத்தை" என்றேன். தோளில் கிடந்த பையில் பத்திரத்தோடு வைத்திருந்த உன் கடிதத்தை எடுத்துப் படித்தும் காட்டினேன். பக்கத்து வீட்டார் வரும்வரை இரண்டு முறை படித்தேன்.

பிழைத்துவிட்டார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. எனக்கு என்னை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனாலும் அழுகை வரவில்லை.

என் மூன்று மெத்தையை எடுத்துக்கொண்டு ஜிபாரோடு அம்மா வீட்டுக்குப் போகிறேன். மற்ற ஐம்பத்தேழும் அங்கேயே இருக்கின்றன. பை வாசலருகே இருக்கிறது. பத்திரத்துக்கும் பதக்கங்களுக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

உன் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். வந்து தூக்கு.

புரூல்