அம்பாளை எடுத்து வைத்த பக்கம்

வியாழன். விடியலிலிருந்து மழை.

நீயே சொல்லு தாயே, கர்ப்பகிருகத்தைப் பூட்டிய பிறகு உன் படம் மட்டும் போனில் இருக்கலாமா? கோயிலில் திருப்பணி. உன்னைக் கலசத்தில் ஆவாஹனம் பண்ணி, பக்கத்தில் சின்ன பாலாலயத்தில் வைத்தாயிற்று. செக்ரட்டரி மாமா வித்யாவைக் கூப்பிட்டார். "மோளே, கும்பாபிஷேகம் வரைக்கும் கோயில் பேஜில அம்பாளும் வேண்டா, வெளக்கும் வேண்டா."

வித்யா அக்கா பெண். மட்டாஞ்சேரியில் என்னோடு இருந்து கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பேஜ் அவள் செய்தது. படத்துக்குக் கீழே ஒரு விளக்கு, விரலால் தொட்டால் எரியும். அக்காவுக்காகவே வைத்தாள். அக்கா ஆலுவாவில் மகன் வீட்டில், இடுப்பெலும்பு உடைந்து படுக்கை. தன் கையால் அவள் செய்கிற பூஜை அது ஒன்றுதான்.

வாங்க: நல்லெண்ணெய், திரி, கப்பைக் கிழங்கு.

வெள்ளி. மழை விட்டது. புழுக்கம்.

"அழிச்சுட்டயாடி?"

"அழிக்கலை சித்தி. பேஜிலேர்ந்து எடுத்து வெச்சிண்டிருக்கேன். இருந்த எடத்துல ஒரு அடையாளம் போட்டிருக்கேன். இல்லேன்னா திரும்பி வரச்சே அம்பாள் எல்லாத்துக்கும் கீழ, அர்ச்சனை ரேட்டுக்கும் அடியில போய் ஒக்காந்துடுவா."

சிவ சிவா.

அக்கா போன். "என் வெளக்கு எங்கடி?"

"கும்பாபிஷேகத்தன்னிக்கு வந்துடும்க்கா."

"அதுவரைக்கும் நான் ஃபேனையா கும்பிடறது?" சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுகை.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள். தூறல்.

இத்தனை நாள் எழுதவில்லை. முழங்கால். மாவு வேறு புளித்துவிட்டது.

வித்யா சோதித்துப் பார்த்தாள். அம்பாள் அதே இடத்தில் வந்தாள், விளக்கும் வந்தது. தொட்டால் எரியவில்லை. மறுபடி தொட்டாள். ஊஹூம். "நாளைக்கு அம்மா தொட்டுப் பார்ப்பா சித்தி."

நான் தீர்த்தம் எடுத்து வந்து தெளித்தேன்.

"அய்யோ, லாப்டாப்பு!"

"தோஷம் போகும்டி."

"லாப்டாப்பே போகும்!" முந்தானையைப் பிடுங்கித் துடைத்தாள், என் முந்தானையை.

உருவம் வந்து உயிர் வரவில்லையோ, ஆவாஹனத்தில் ஏதாவது விட்டுப்போயிற்றோ என்று பேசிக்கொண்டே இருந்தேன்.

"சித்தி, ஒரு நிமிஷம் மிண்டாம இரேன்."

இருந்தேன். கஷ்டம்தான்.

திடீரென்று தலையில் தட்டிக்கொண்டாள். "வெளக்கு எப்படி இருக்கணும்னு எழுதின கோடைத்தான் காப்பி எடுத்து வெச்சேன், வெளக்கையே எடுத்து வெக்கலை! அந்த எழுத்திலேர்ந்து இப்ப வந்தது புது வெளக்கு. தொட்டா எரியணும்னு அதுக்கு யாரும் சொல்லலை."

மாற்றி எழுதினாள். இந்தத் தரம் விளக்கையே அப்படியே எடுத்து வைத்து, அதையே அடையாளத்தில் திருப்பி வைத்தாள். தொடச் சொன்னாள். என் விரலுக்கு எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு. வெயில்!

கும்பாபிஷேகம் ஆயிற்று. என்ன கூட்டம். யாரோ என் காலை மிதித்தார்கள், பேரைச் சொல்ல மாட்டேன். கலசத் தண்ணீர் மேலே விழுந்த அதே நேரம் இடுப்பில் போன் அடித்தது.

"வந்துட்டாடி! எரியறதுடி!" பின்னால் நாட்டுப்பெண், "அம்மா, எழுந்துக்காதீங்கோ!"

கட்டில் கிறீச்சிட்டது, மறுபடி படுத்துக்கொண்டாள் போல. பிறகு, "உன் மேல தீர்த்தம் பட்டுதா?"

"பட்டுதுக்கா."

"எனக்கு ரெண்டு சொட்டு எடுத்து வை."

சின்ன பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு ஆலுவா பஸ். வித்யா வந்ததும் தூங்கிவிட்டாள், பாவம். ஒரு சாயா போட்டுக் குடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அடடா தாயே, இப்போதுதான் நினைவு வருகிறது. காலையில் ஓடின ஓட்டத்தில் நம் வீட்டு விளக்கை நான் ஏற்றவே இல்லை.